ஓஸ்வால்டின் முன்பல்

பேண்ட் செட் ஆட்கள் என்னைத் தூரத்தில் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறார்கள். மரியாதை ஒன்றும் இல்லை. நடுத்தெருவில் நிறுத்தி, "எங்கே, ஆ காட்டு" என்று கேட்பேன் என்கிற பயம். ஆரம்பப் பள்ளி டீச்சர் நான். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளின் நகத்தையும் பல்லையும் பார்த்துப் பழகியவள். பிரேசர் டவுன் கடைவீதியில் வைத்து, மீசை நரைத்த மனுஷனின் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கிற பொம்பளை இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஈறு வீங்கியிருந்து, கூடவே சாயங்காலமானால் காய்ச்சலும் வருகிறது என்று சொன்னால், அங்கேயே ஆட்டோ பிடித்து ஏற்றிவிடுவேன். போன வருஷம் இரண்டு பேரை ஏற்றினேன். அதில் ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

நான் இப்படி ஆனதற்கு என் வீட்டுக்காரர் ஓஸ்வால்ட் காரணம். அவரைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய மனிதர் இல்லை. பேப்பரில் பெயர் வந்ததில்லை. அல்சூரில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில், இடிபட்டு நசுங்கி வந்த கார்களைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கரிங் வேலை. பகல் முழுக்கத் தகரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் காக்ஸ் டவுனில் நாராயணசாமி அண்ணன் நடத்துகிற பேண்ட் செட்டில் டிரம்பெட் ஊதுவார். கல்யாணம், சாவு, திருவிழா எல்லாவற்றுக்கும் போவார்கள். பேண்டின் தலைவர் நெற்றியில் நாமம் போட்டவர், முதல் டிரம்பெட் கழுத்தில் ஜெபமாலை போட்டவர். எங்கள் பக்கத்தில் இதை யாரும் அதிசயமாகப் பார்த்ததில்லை.

ஒன்பது வயதில் அவருக்குத் தொண்டை வீங்கி, பிறகு கைகால் மூட்டெல்லாம் ஊதி, மூன்று மாதம் நீலசந்திரா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாராம். அப்புறம் சரியாகிவிட்டது. "அந்த மூணு மாசம் ஸ்கூல் போகல. அதான் எனக்குக் கணக்கு வராது" என்று சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தக் காய்ச்சல் அவர் நெஞ்சுக்குள் எதை விட்டுவிட்டுப் போனது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டது அவர் முகத்துக்காக இல்லை. எண்பத்து மூன்றாம் வருஷம் மாதா திருவிழாத் தேர் எங்கள் தெரு முனையில் திரும்பியபோது, மற்ற வாத்தியமெல்லாம் ஓய, ஒரே ஒரு டிரம்பெட் மாதா பாட்டை எடுத்தது. பழைய பாட்டு, சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டுதான். ஆனால் அப்படி நான் கேட்டதில்லை. கூட்டத்தில் முண்டியடித்துப் போய் யார் என்று பார்த்தேன். கன்னம் உப்பி, கண் மூடி, வேர்வை வழிய ஒரு ஒல்லி மனுஷன் நின்றிருந்தார். அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் தேர் அந்த முனையில் திரும்பும்போது, நான் நிற்கிற பக்கமாக முகத்தைத் திருப்பி அந்தப் பாட்டை எடுப்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கு நான் அழுத காலம் உண்டு. ஆனால் அந்த ஒரு நாளில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

வீட்டில் டிரம்பெட்டின் மவுத்பீஸை மட்டும் தனியாகக் கழற்றி வாயில் வைத்துப் பழகுவார். தொண்ணூற்றொன்று டிசம்பரில், ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் மூண்ட கலவரத்துக்குப் பயந்து இந்தக் கன்னட ஊரில் தமிழ்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாட்களிலும் அதை விடவில்லை. வண்டு கத்துகிற மாதிரி சத்தம் வரும். பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மி அம்மா கன்னடக்காரர். அந்த நாட்களில் எங்களுக்கும் சேர்த்துப் பால் வாங்கிவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தவர். "ஏன்ரீ டீச்சர், மனேல ஜேனு கட்டிதியா?" என்று கேட்பார். வீட்டில் தேனீ கூடு கட்டியிருக்கிறதா என்று. அந்த அம்மாவைப் பார்த்து இவர் வெட்கத்தோடு சிரிப்பார்.

தொண்ணூற்றேழு மே மாதம் ஒரு கல்யாண ஊர்வலத்தில், மாப்பிள்ளையின் தோழன் எவனோ கையை வீசி ஆடப்போய், முழங்கை டிரம்பெட்டின் விரிந்த வாயில் இடித்தது. மவுத்பீஸ் நேராக மேல்வரிசை முன்பல்லில் மோதியது. ரத்தத்தைத் துப்பிவிட்டு மிச்சப் பாட்டையும் ஊதிமுடித்துத்தான் வந்தார். ஒரு மாதத்தில் அந்தப் பல் சாம்பல் நிறமாயிற்று. ஜூலையில் மேல் ஈறில் கொப்புளம் போல வீங்கி, அமுக்கினால் சீழ் வந்தது.

பல் டாக்டர் தேசிகன் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வேர்ல விரிசல் விட்டிருக்கு ஓஸ்வால்ட். காப்பாத்த முடியாது. எடுத்துடணும்" என்றார்.

இவருக்கு முகம் செத்துப்போயிற்று. டிரம்பெட் ஊதுகிறவனுக்கு உதட்டுக்குப் பின்னால் முன்பல்தான் முட்டு. அது போனால் உயர்ந்த சுரம் நிற்காது. எங்கள் கண்முன்னே டெஸ்மண்ட் இருந்தார். ஒரு காலத்தில் முதல் டிரம்பெட். முன்பல் இரண்டையும் எடுத்த பிறகு, பொய்ப்பல் கட்டியும் காற்று சரியாக விழாமல், இப்போது அதே பேண்டில் கடைசி வரிசையில் ஜால்ரா தட்டுகிறார். எந்த ஊர்வலத்திலும் இவர் டெஸ்மண்டைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

அதனால் பல்லை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினார். படிகாரத் தண்ணீரில் கொப்பளித்தார், கிராம்புத் தைலம் வைத்தார். ஊதப் போகிற நாளுக்கு முன்னால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நாலு கேப்சூல் வாங்கி, இரண்டு நாள் போட்டுக்கொள்வார். வீக்கம் வடியும். ஊதிவிட்டு வருவார். மருந்தை நிறுத்திவிடுவார். மறுபடி வீங்கும். பேண்ட்காரர்கள் எல்லாருமே இப்படித்தான் செய்வார்கள். அவர்களில் ஒருவருக்காவது மூளை என்று ஒன்று இருந்ததா என்று இப்போது கேட்கிறேன். அப்போது அந்தக் கேப்சூலை வாங்கிவரப் போனதே நான்தான்.

ஆகஸ்டு பிறந்ததும் சாயங்காலக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. பெரிய காய்ச்சல் இல்லை. ஐந்து மணிக்குக் குளிரும், ஒரு மாத்திரை போட்டால் வேர்த்துக் கொட்டி விட்டுவிடும். சட்டை தொளதொளத்தது. டிரம்பெட்டின் பிஸ்டனை அழுத்துகிற வலது கை விரல் நுனியெல்லாம் சிவந்து, தொட்டால் வலிக்கிறது என்றார். "நாளெல்லாம் அமுக்கினா வலிக்காம இன்னா செய்யும்?" என்றேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. திங்கட்கிழமை எங்கள் பள்ளியில் நகம் பார்க்கிற நாள். அந்த நினைப்பிலேயே, காபி டம்ளரை வாங்க நீண்ட அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். நகத்துக்கு அடியில் மெல்லிசாக, கருஞ்சிவப்பில் சிலாம்பு குத்தின மாதிரி கோடுகள் இருந்தன.

"இது இன்னாங்க கிரீஸு? சாப்பிடற கையி. என் கிளாஸ்ல இருந்தா ஸ்கேல்ல போட்டிருப்பேன்."

"தேச்சு தேச்சுப் பார்த்தேன் அன்னம். போவ மாட்டேங்குது."

"பிரஷ் போட்டுத் தேய்ங்க."

தேய்த்தார். என் எதிரிலேயே உட்கார்ந்து, வலிக்கிற விரலைப் பிரஷ் போட்டுத் தேய்த்தார். நாற்பது பிள்ளைகளின் நகத்தைப் பார்த்து அழுக்கு எது, சொறி எது என்று சொல்கிற டீச்சர், கட்டின புருஷனின் நகத்தைப் பார்த்து அழுக்கு என்றுதான் சொன்னேன்.

இனி சொல்லப்போவது நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொன்னது. ஆகஸ்டு பதினாறு, சனிக்கிழமை. பல்லை எடுக்க அன்றைக்குத் தேசிகன் நேரம் கொடுத்திருந்தார். வலி தாங்காமல் இவரே கேட்டு வாங்கிய நேரம். வெள்ளைச் சட்டை போட்டு, செருப்பை மாட்டி, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை.

"அன்னம், இன்னும் பதிமூணு நாள்ல கொடியேத்தம். இன்னிக்கு எடுத்தா இந்த வருஷம் ஊத முடியாது. அடுத்த வருஷமும் முடியுமான்னு தெரியல. பிடுங்கிடட்டுமா? நீ ஒரு வார்த்தை சொல்லு."

பிடுங்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. எனக்குத் தெரு முனையும் தேரும் என் பக்கம் திரும்புகிற முகமும்தான் கண்ணில் நின்றன. என் காதுக்காக, என் ஆசைக்காக, "திருவிழா முடியட்டுங்க. மாதா பார்த்துப்பாங்க" என்றேன். பொறுப்பை மாதா தலையில் கட்டிவிட்டு உள்ளே போய்க் குழம்பைக் கிளறினேன். அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் எட்டு அன்று தேர் திரும்பியது. இவர் ஊதினார். பதினான்கு வருஷத்தில் அந்த மாதிரி ஊதியதில்லை என்று நாராயணசாமி அண்ணனே சொன்னார். ஊதிமுடித்ததும் பக்கத்துச் சுவரில் கை ஊன்றி நின்றதை நான் பார்த்தேன். அசதி என்று நினைத்தேன். சனிக்கிழமை, பதின்மூன்றாம் தேதிக்குத் தேசிகனிடம் புதிதாக நேரம் வாங்கினோம்.

பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை காலை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று நான் பறந்துகொண்டிருந்தேன். இவர் குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால், வாயில் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் வலது ஓரமாக ஒழுகிச் சட்டையை நனைக்கிறது.

"இன்னாங்க இது, குழந்தை மாதிரி மேலெல்லாம் ஊத்திக்கினு? இப்பதானே தோச்ச சட்டை?"

மறுபடி தண்ணீரை ஊற்றினார். மறுபடி ஒழுகியது. நான் இரண்டாவது தடவையும் திட்டினேன். மூன்றாவது தடவை சொம்பு கையை விட்டு விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் பாதி என்னைப் பார்த்து ஏதோ கேட்டது, பாதி சும்மா இருந்தது. நான் கத்தியதில் ஜெயலக்ஷ்மி அம்மா ஓடிவந்தார். இரண்டு பேருமாகத் தூக்கி ஆட்டோவில் போட்டோம்.

பெரியாஸ்பத்திரியில் பார்த்தது ஒரு இளம் டாக்டரம்மா. ரக்ஷா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. பக்கவாதம் என்று சொல்லிவிட்டு அவர் வயதை என்னிடம் கேட்டார். நாற்பத்து மூன்று என்றேன். பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை, பீடி சிகரெட் இல்லை. டாக்டரம்மா யோசித்தார். தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்டார். பிறகு அவருடைய வலது கையை எடுத்து, விரல்களை விளக்குக்கு நேராகப் பிடித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அது கிரீஸு மேடம். ஒர்க்‌ஷாப் வேலை. எவ்ளோ தேச்சாலும் போவல."

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "கிரீஸ் அல்லம்மா. ரத்தம் இது" என்றார். பிறகு மெதுவாக, "ஹல்லு நோவு ஏனாதரூ இத்தா?" என்று கேட்டார். பல் வலி ஏதாவது இருந்ததா என்று. முன்பல், கேப்சூல், சின்ன வயதுக் காய்ச்சல் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் நெஞ்சைப் படம் எடுத்த பிறகு பாதித் தமிழில் விளக்கினார். "சின்ன வயசுல தொண்டைல வந்த கிருமியால கீலு ஊதிக்கிச்சு இல்லவா, அப்பவே ஹார்ட் வால்வு கெட்டிருக்கு. வெளியே தெரியல. இப்போ பல்லுல இருக்கிற கிருமி ரத்தத்துல போயி, அந்தக் கெட்ட வால்வு மேல உக்காந்து வளர்ந்திருக்கு. அதுல ஒரு துணுக்கு பிஞ்சு மூளைக்குப் போயி ரத்தக்குழாய அடைச்சிடிச்சு. நகத்துல இருக்கிறதும் அந்த மாதிரி சின்னச் சின்னத் துணுக்குதான்."

ரத்தத்தில் அந்தக் கிருமியை வளர்த்துப் பார்க்கிற பரிசோதனையில் எதுவும் சிக்கவில்லை. அவ்வப்போது இரண்டு கேப்சூல் போட்டு நிறுத்தியதால் இப்படி இருக்கலாம் என்றார். அது கிருமியைக் கொல்லாமல் ஒளித்துவைத்திருக்கிறது.

நான் கேட்டேன். "ஆகஸ்டு பதினாறாம் தேதியே பல்லை எடுத்திருந்தா?"

"ஹேளக்காகல்லம்மா. சொல்ல முடியாது. ஜுரம் அதுக்கு முன்னாலேயே வந்திருச்சில்ல? அப்பவே ஹார்ட்டுக்குப் போயிருக்கலாம்."

போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். நல்ல பெண், பொய் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு பேச்சை ஆறு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஆறு வாரம் ஊசி. ராத்திரியும் பகலும் நரம்பில் ஏற்றினார்கள். நாலாவது வாரம், கிருமியின் இருப்பிடத்தை விட்டுவைக்கக் கூடாது என்று, கட்டிலுக்கே ஒரு பல் டாக்டரை வரவழைத்து அந்த முன்பல்லை எடுத்துவிட்டார்கள். எதற்காக இவ்வளவு நாள் காபந்து பண்ணினாரோ, அது இரண்டு நிமிஷத்தில் தட்டில் விழுந்தது. அவர் ஒரு முனகல்கூட முனகவில்லை. வலது கை வராது, பேச்சு வராது, உதட்டின் வலது பக்கம் தொங்கிப்போயிற்று. இனிப் பல் இருந்து என்ன, இல்லாமல் என்ன.

அக்டோபர் கடைசியில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பள்ளியில் லீவு போட்டேன். நாராயணசாமி அண்ணன் வாரம் தவறாமல் வந்து ஷேவ் பண்ணிவிடுவார். டெஸ்மண்டும் வருவார். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். இவர் அப்போதுதான் டெஸ்மண்டை நேருக்கு நேர் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பேச்சுக்குப் பதில் 'பா, பா' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அதை வைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொல்லப் பார்த்தார். இடது கை விரலால் பல் இல்லாத இடத்தைத் தொட்டுக் காட்டுவார். பிறகு அதே விரலால் என்னைக் காட்டுவார். பிறகு கையை ஆட்டுவார். தண்ணீரா என்று கேட்டால் இல்லை. வலியா என்றால் இல்லை. தினம் இரண்டு தடவை, மூன்று தடவை. எனக்குத் தெரிந்துவிட்டது. 'என் பல் இப்படி ஆனதற்கு நீதான்' என்கிறார். வேறு என்ன இருக்க முடியும்? அவர் விரல் என் பக்கம் நீளும்போதெல்லாம் அடுப்படிக்கு ஓடிவிடுவேன். நாற்பது பிள்ளைகளை அதட்டுகிறவள், எழுந்து நிற்க முடியாத ஒரு மனுஷனின் ஒற்றை விரலுக்குப் பயந்து அடுப்பின் முன்னால் நின்றேன்.

டிசம்பர் இரண்டாம் தேதி மத்தியானம், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் இன்னொரு தடவை வந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கவில்லை. கல்பள்ளிக் கல்லறையில் அடக்கம் செய்தோம். பேண்ட் வாசித்தது. முதல் டிரம்பெட் நிற்கிற இடத்தைக் காலியாக விட்டு நடந்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு நாள் முந்தைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. பூசை முடிந்து வந்து, நற்கருணை வாங்கத் தைரியம் இல்லாமல் திரும்பிவந்த மனசோடு, அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் விரல் எழுந்தது. பல் இல்லாத இடம். பிறகு நான். இந்தத் தடவை நான் ஓடவில்லை.

"தெரியுங்க. நான்தான். அன்னிக்கு நீங்க கேட்டீங்க, நான்தான் வேணாம்னேன். உங்களுக்காகச் சொல்லல, எனக்காகத்தான் சொன்னேன். அந்தப் பாட்டு எனக்கு வேணும்னு சொன்னேன். நகத்தப் பார்த்துக்கூட உங்களத்தான் திட்டினேன்."

அவர் கையை வேகவேகமாக ஆட்டினார். 'பா, பா' என்றார். பிறகு சுவர் அலமாரியைக் காட்டினார். டிரம்பெட் பெட்டி. இறக்கிவைத்துத் திறந்தேன். டிரம்பெட்டை விட்டுவிட்டு மவுத்பீஸை மட்டும் எடுத்தார். வாயில் வைத்து ஊதினார். காற்று முழுக்க வலது ஓரமாகப் புஸ்ஸென்று போயிற்று. இரண்டு தடவை முயன்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மவுத்பீஸை மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். என் கட்டைவிரலை எடுத்து, தொங்கிப்போன தன் உதட்டின் வலது ஓரத்தில் வைத்து அழுத்தினார். இப்படியே பிடி என்று கண்ணால் சொன்னார். பிடித்தேன். மவுத்பீஸை மறுபடி வைத்தார்.

வண்டு கத்துகிற அந்தச் சத்தம் வந்தது. மாதா பாட்டின் முதல் மூன்று சுரம். நடுங்கிக்கொண்டு, பாதிக் காற்றாக, ஆனால் அதே பாட்டு. முகத்தை என் பக்கம் திருப்பியிருந்தார். நான்காவது சுரத்துக்கு மூச்சு இல்லை. மறுபடி முதலிலிருந்து எடுத்தார். மறுபடி மூன்றுதான் வந்தது. இத்தனை நாளும் அந்த விரல் கேட்டது இதைத்தான். பல் போன இடத்தையும் என்னையும் காட்டி, பிடித்துக்கொள், உனக்கு ஊதிக் காட்டுகிறேன் என்று கேட்டிருக்கிறார். நான் அடுப்படியில் நின்றிருந்தேன்.

நான் அழுத அழுகையில் ஜெயலக்ஷ்மி அம்மா ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இவர் அழவில்லை. மவுத்பீஸை என் மடியில் போட்டுவிட்டு, தன் எச்சில் பட்ட என் கட்டைவிரலை எடுத்து, சட்டை நுனியால் நிதானமாகத் துடைத்துவிட்டார்.